அண்ணன் பெருக்கிய தோட்டம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு வந்த கோபம் நியாயமானது. யாராக இருந்தாலும் வந்திருக்கும்.

போடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஜீப்பில் வளைவு வளைவாக ஏறிப் போனால், மலைமேட்டுக்குக் கொஞ்சம் கீழே எங்கள் ஏலக்காய்த் தோட்டம். அப்பா விட்டுப்போனது. அண்ணனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். அண்ணனுக்கு மருந்து அடிப்பதென்றால் உயிர். ஒரு புழுவைக் கண்டால் போதும், நீல டிரம்மில் கலக்கிவிடுவார். புழுவைக் காணவில்லை என்றாலும் கலக்குவார், எங்கோ ஒளிந்திருக்கிறதாம்.

ஏலப்பூ, செடியின் அடியில் மண்ணை ஒட்டிப் பூக்கும். தேனீ வந்து உட்கார்ந்தால்தான் அது காயாகும். மருந்து அடித்த மறுநாள் அந்தப் பூக்களுக்குப் பக்கத்திலேயே தேனீக்கள் செத்துக் கிடக்கும். பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அண்ணனோடு சண்டை போடுவேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே மூக்குத்துணியைக் கட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. மருந்தைக் கைவிட்டு, காட்டு மரங்களை வெட்டாமல், பூச்சிக்கும் பறவைக்கும் இடம் விட்டு விவசாயம் செய்கிற தோட்டங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே விளைந்த காயை ஏலம் விடும் இடத்தில் தனிக் குவியலாக வைப்பார்கள், விலையும் கூடும். நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒருவழியாக அண்ணன் இறங்கி வந்தார்.

"சரி தாயி. இந்த ஒரு பருவம் டிரம்மக் கவுத்து வைக்கிறேன். அவுக நம்ம தோட்டத்தச் சேத்துக்கிட்டா உன் இஷ்டம். சேக்கலேன்னு வையி, மறுநாளே டிரம்ம நிமித்திருவேன். அப்புறம் நீ வாயத் திறக்கப்படாது."

நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

தோட்டத்தைப் பார்க்க ஓர் அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது. "நீ காலையில அவுகளோட வா. நான் முந்தியே போயி ஏற்பாடு பண்றேன்" என்று அண்ணன் முதல் நாளே மேலே போய்விட்டார். நாற்காலி, டீ, வடை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதிகாரியோடு ஜீப்பை விட்டு இறங்கினேன். தோட்டம் கல்யாண மண்டபம் மாதிரி துடைத்துக் கிடந்தது. மருந்துக்குக்கூட ஒரு சருகு இல்லை. புல் பூண்டெல்லாம் பிடுங்கி, உளுத்துக் கிடந்த மரக்கட்டைகளை இழுத்துப் போட்டு, நிழல் மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு வேறு அடித்திருந்தார்கள்! நடுவில் சலவை வேட்டியில் அண்ணன்.

"எப்படி தாயி? குப்பையும் கூளமுமா கெடந்தா நம்ம மானம் என்னத்துக்காகும்? ரெண்டு ஜீப்பு ஆள் ஏத்தி வந்து பெருக்குனேன்!"

அடப்பாவி அண்ணே!

அதிகாரி சுற்றும் முற்றும் பார்த்தார். பையிலிருந்து கயிற்றை எடுத்துத் தரையில் ஒரு சதுரம் போட்டார். குனிந்து மண்ணைக் கிளறினார். ஓர் எறும்பு போயிற்று. அதுவும் வழி தவறி வந்தது போலத்தான் இருந்தது.

"பூச்சி புழு ஒண்ணையும் காணோமே?" என்றார்.

"ஒண்ணுகூட இருக்காது மேடம்!" என்றார் அண்ணன், பெருமையோடு.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெளங்கிரும்! மருந்தே அடிக்காமல் தோட்டத்தைச் சுடுகாடாக்கிய ஒரே ஆள் என் அண்ணன்தான்.

"இலையெல்லாம் எங்க?"

"ஓடைப் பள்ளத்தோரம் குவிச்சிருக்கோம் மேடம். பள்ளத்துக்குள்ளதான் பெருக்க முடியல. அட்டைக்குப் பயந்து ஒருத்தரும் இறங்கல."

அதிகாரி விறுவிறுவென்று அங்கேதான் இறங்கினார். நானும் போனேன். விருந்தாளியைத் தனியே விடக்கூடாதென்று அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தில் சருகை விலக்க விலக்க மண்புழு, மரவட்டை, கட்டைவிரல் நகமளவு தவளை. இற்றுப்போன கட்டையின் ஓட்டையில் கொசுத்தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன. அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் மட்டும் "ஆத்தாடி, ஏறுது! ஏறுது!" என்று குதித்துக்கொண்டிருந்தார். சலவை வேட்டியெல்லாம் ரத்தம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிளம்பும்போது அதிகாரி சொன்னார்: "இந்தப் பள்ளத்துல இருக்கிறது தோட்டம் முழுக்க இருக்கணும். அள்ளுன சருகைத் திரும்பப் பரப்பி வைங்க. மழை நடுவுல மறுபடி வந்து பார்த்துட்டுத்தான் சேர்க்கிறதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் சருகைப் பரப்பாமல் சும்மா இருந்தாலே போதும், அவர் ஜெயித்துவிடுவார். டிரம் நிமிர்ந்துவிடும்.

காலையில் மேலே போனால், தோட்டத்தைப் பெருக்க வந்த பெண்களே கூடை கூடையாகச் சருகைச் சுமந்து வந்து செடிகளைச் சுற்றிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்பு.

"முந்தாநாள் பெருக்கச் சொன்னீக, இன்னைக்குக் கொட்டச் சொல்றீக. என்னண்ணே ஆச்சு ஒங்களுக்கு?"

"வாயப் பொத்திக்கிட்டு வெரசாக் கொட்டுங்கத்தா!" என்று அதட்டிய அண்ணன், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெருக்குனது நான்தான? என்னால நீ தோக்கப்படாது. தோத்தாலும் நேரா தோத்துக்க."

அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அட்டை ஒட்டியிருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி சொன்னபடியே மறுபடி வந்து, தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், தோட்டத்து ஷெட்டில் இருந்தபோது எனக்குப் போன் வந்தது. எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணனைத் தேடி ஓடினேன். செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! நம்ம தோட்டத்த..."

திரும்பாமலே கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அவர் முழங்காலுக்கு முன்னால், சருகுக்கு மேலே தெரிந்த ஏலப்பூவுக்குள் ஒரு தேனீ தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.

"எதுவா இருந்தாலும் பொறு தாயி" என்றார் மெல்ல. "அது சோலிய முடிச்சிட்டுப் போகட்டும்."