முள் குத்தாத கை

எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு முள்செடி இருந்தது. எலுமிச்சம்பழ அளவு உருண்டை. பச்சையே தெரியாமல் உடம்பெல்லாம் வெள்ளை முள். முதலாளி வீட்டம்மா வேண்டாமென்று தள்ளியதை என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தூக்கி வந்திருந்தார். தொட்டியில் ஒட்டிய சீட்டில் 'ரெபூட்டியா, தென் அமெரிக்கா' என்று போட்டிருந்தது. அடியைச் சுற்றிச் சிவப்பாகப் பூக்குமாம். எங்கள் வீட்டில் ஒரு மொட்டுகூட விடவில்லை.

"இந்த ஊர்ல முள்ளுக்கா பஞ்சம்? சீமைக்கருவேலம் பத்தாதாக்கும்" என்றாள் அம்மா. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சனியன்தான் என்று அவளுக்குத் தெரியாது.

மாமா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிப்பவர். முந்தின வருஷத் தீயில் வலது உள்ளங்கை வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் கையால் செடியை இறுக்கிப் பிடிப்பார்; முகம் சுளிக்காது. "மாமா கை இரும்புக் கை புள்ள" என்பார். குத்திய முள்ளைப் பிடுங்குவது என் வேலை. ஊரிலேயே பெரிய வீரர் எனக்கு அவர்தான்.

தீபாவளி சீசனுக்கு ஆள் பிடிக்க போர்மேன் வீட்டுக்கே வந்தார். மாமா கெஞ்சினார்.

"கையில உணர்ச்சியே இல்ல அண்ணாச்சி. மருந்து சலிக்கயில சூடு ஏறுனா கைதான சொல்லணும்? கேட்ல வாட்ச்மேனாப் போட்டுருங்க."

போர்மேன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "இதென்ன, பஞ்சுருண்டையா?" என்று செடியை எடுத்தவர், "ஆத்தாடி!" என்று அலறினார். விரலில் ரத்தம். மாமா பதறிப்போய், பழக்கதோஷத்தில் வலது கையாலேயே செடியை வாங்கி வைத்தார். நான் கைதட்டினேன்.

"எனக்கு உசுரு போகுது, ஒனக்கு ஒண்ணுமே இல்ல. இம்புட்டு உறுதியான கைய வச்சுக்கிட்டு கேட்ல நிக்கப் போறியாக்கும்? வலிக்கலன்னா நல்லதுதானய்யா. திங்கக்கிழமை மருந்து ரூமுக்கு வந்துரு. இல்லன்னா கம்பெனிப் பக்கமே வராத."

"போகாதலே" என்று அம்மா அழுதாள். போகாமல் என்ன செய்வது? அந்தப் பாழாய்ப்போன ஊரில் வேறு என்ன வேலை இருந்தது? மாமா போனார்.

தீபாவளிக்கு முன்பே அந்த ரூம் வெடித்தது.

துக்கத்துக்கு மாலையோடு வந்த போர்மேன், "எம்புட்டு உறுதியான கை!" என்று உச்சுக்கொட்டினார். "ஆமா, இரும்புக் கை" என்றேன் நான், பெருமையாக. அம்மா என் வாயிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். உண்மையைத்தானே சொன்னேன், எதற்கு அடிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.