மணியை எப்போது எண்ணத் தொடங்குவது

சுவீடனுக்கு வந்த புதிதில் துணி துவைக்கும் மெஷினுக்குக் காவல் இருந்தவள் நான். சிரிக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு மெஷின் கிடையாது. தரைக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறை, ‘த்வெட்ஸ்டூகா’ என்பார்கள். சுவரில் ஒரு பலகை, வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய நாளில் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் நம்முடைய முறை. முறை என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குள் இருந்த தஞ்சாவூர்க்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வயலுக்கு முறைத்தண்ணீர் விடும்போது காவல் வேண்டாமா? கொஞ்சம் கண்ணசந்தால் மேலே எவனாவது மடையைத் திருப்பிவிட மாட்டானா? மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ, தலையில் கம்பளிக் குல்லாவோடு போய் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் வந்த கீழ்வீட்டு யோரான் பயந்தே போய்விட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி, ஆறடிக்கு மேல் உயரம். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இது என் முறை, காவல் இருக்கிறேன் என்றேன். யாரிடமிருந்து என்றார். நான் பிளாஸ்க் மூடியில் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் பலகையை நன்றாகப் பார்த்தேன். நீதிபதியின் பூட்டும், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மாடிவீட்டு மையாவின் பூட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டு பேருக்கும் ஒரே அளவு நேரம். நீதிபதி என்பதற்காக ஒரு நிமிடம் கூடுதல் இல்லை! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் துணியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடி ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கடைசி வீட்டுக்கும் தண்ணி போய்ச் சேருதாடி?”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அம்மா அப்படித்தான் கேட்பாள். கேட்க அவளுக்கு உரிமையும் உண்டு. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாட்களாக இருந்தவர்கள். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் ஊர் ஊராகச் சண்டை நடந்து, கொடிகள் ஏறி, போலீஸ் வந்து, கடைசியில் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு பட்டாவாகி வந்தது. வந்ததென்னவோ வந்தது, வாய்க்காலின் கடைசியில் வந்தது. அதற்கப்பால் உப்பு மண்ணும் உடைமரமும்தான். இருந்தாலும் முதல் நாள் அந்த வரப்பில் அப்பா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது.

ஐப்பசி மழை ஏமாற்றிய ஒரு வருஷம், வாய்க்காலில் முறை வைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கரைவேட்டிக்காரர்; சமத்துவம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் மைக்கை விடமாட்டார். ஆனால் அன்றைக்குப் பேச்சோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். மிராசுதாருக்கு ஏக்கருக்கு எத்தனை மணி நேரமோ, எங்கள் தெருவுக்கும் ஏக்கருக்கு அத்தனை மணி நேரம்தான் என்று அறிவித்தார். அப்பா கை வலிக்கத் தட்டினார். எங்கள் முறை வந்த அன்று குடும்பமே வரப்பில் உட்கார்ந்திருந்தோம். மேலே மிராசுதாரின் வயலை ஒட்டி இருந்த மதகைத் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. வெடித்துக் கிடந்த வாய்க்கால் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டது. தண்ணீர் பாம்பு மாதிரி ஊர்ந்து எங்கள் மடையை எட்டிப் பார்த்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. மேலே மதகை அடைத்துவிட்டார்கள். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் சமமாகத்தான் நடந்தது. பால் பிடிக்கும் பயிர் எங்கள் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் ஆண்கள் நடுவே அம்மா எழுந்து நின்றாள். அப்பா முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. தலைவருக்கு நிஜமாகவே வருத்தம். எல்லாருக்கும் ஒரே நேரம்தானே கொடுத்திருக்கிறோம், இதற்கு மேல் என்ன சமத்துவம் வேண்டும் என்றார்.

“நேரத்த சமமா குடுத்தீங்க தலைவரய்யா, தண்ணிய குடுக்கலையே” என்றாள் அம்மா. “எங்க வயல்ல தண்ணி விழுந்ததுலேருந்து மணிய எண்ணுங்க.”

எங்களுக்கு முந்தின வயல்காரர் எங்கள் தெருவில் வந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கும் அப்புடித்தாங்க எண்ணணும்” என்றார். அந்த ஒரு குரல் போதுமாயிருந்தது; தலைவர் கணக்கை மாற்றினார். பயிரில் பாதி பிழைத்தது. அந்தப் பாதியை அறுத்தபோது அம்மா போட்ட குலவை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் இங்கே வந்தபின் அந்தக் கூட்டத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை, போன குளிர்காலத்தில் மையாவின் கணவர் பக்கவாதத்தில் விழும்வரை. படுக்கையோடு படுக்கையாக இருக்கும் மனிதர். தினமும் விரிப்பு மாற்ற வேண்டும். பலகையில் கிடைக்கும் நேரம் மையாவுக்குப் போதவில்லை. இப்படியே போனால் அவரைக் காப்பகத்தில் விடுவதைத் தவிர வழியில்லை என்று படிக்கட்டில் நின்று என்னிடம் அழுதாள். குடியிருப்போர் கூட்டத்தில், துவைக்கத் தனக்குக் கூடுதலாக ஒரு முறை வேண்டும் என்று கேட்டாள். யோரான் மென்மையாக மறுத்தார். எல்லாருக்கும் ஒன்றுபோல, அதுதான் ‘ரெட்விஸ்ட்’, நியாயம் என்றார். பலரும் தலையாட்டினார்கள். எனக்குள் என்னவோ பொங்கியது. என் ஓட்டை சுவீடிஷை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எங்கள் ஊரில் தண்ணீர் வந்து விழுந்த பிறகுதான் நேரத்தை எண்ணுவோம் என்றேன். எல்லாரும் அக்கறையோடு குறித்துக்கொண்டார்கள். இரண்டொரு நாளில் என் வீட்டுக்கு பிளம்பர் வந்து எல்லாக் குழாயையும் திறந்து பார்த்து, தண்ணீர் அருமையாக வருகிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்!

சிரிப்பும் அழுகையுமாக யோரானின் கதவைத் தட்டினேன். அவருடைய சாப்பாட்டு மேசையில் ரொட்டியை வாய்க்காலாக அடுக்கி, இந்த முனை மதகு, இந்த முனை எங்கள் வயல் என்று கதை முழுவதையும் சொன்னேன். அவர் அந்தக் கடைசி ரொட்டித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க அம்மா என் கோர்ட்டுல வந்து கேட்டிருந்தா, நான் தள்ளுபடிதான் பண்ணியிருப்பேன்” என்றார் மெதுவாக.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்தார். மையா தனக்கு வேண்டிய நேரங்களை முதலில் எடுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம் என்றார். எல்லாக் கையும் உயரவில்லை. உயர்ந்த கைகள் போதுமாயிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பலகைக்குப் போனால், நான் வழக்கமாக எடுக்கும் சனிக்கிழமையில் மையாவின் பூட்டு. சுருக்கென்றது. நமக்கும்தானே வேலை இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றுபோல என்றால் என்ன குறை என்று ஒரு நொடி மனம் முணுமுணுத்தது. எனக்குள்ளேயும் மதகடியில் ஒரு மிராசுதார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூட்டைப் புதன்கிழமைக்கு மாற்றினேன்.

இன்று புதன்கிழமை. மேட்டூரில் தண்ணீர் திறந்து நாளாகிவிட்டது. ஊரில் ஆட்சி மாறிவிட்டது, வாய்க்காலைத் தூர்வாரியும் ஆகிவிட்டது என்கிறார்கள். துவைப்பறையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். வயல் வரப்பில்தான் நிற்கிறாளாம். தண்ணி இன்னும் வரல, போன வைக்காத, வந்தா சொல்றேன் என்றாள். நான் பொத்தானை அழுத்தியதும் இங்கே மெஷினுக்குள் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அம்மாவின் காதில் அந்தச் சத்தம் விழாதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டேன். இங்கே என் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து அங்கே தண்ணீர் விழுவதற்காகக் காத்திருக்கிறேன்.