கொள்ளுக்காட்டில் இருந்த வழி

எங்கள் சித்தப்பா சட்டம் படித்தவரல்ல. கோயமுத்தூர்க் கோர்ட்டுக்கு மூன்று தடவை சாட்சி சொல்லப் போய்வந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் கோர்ட்டே அவரைக் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறதோ என்று தோன்றும். "பள்ளம் சர்க்காருது, அதை நாம வேண்டாங்கலே. பள்ளத்துக்குப் போற காடு நம்முளுது. தண்ணி வேணுங்கறவன் பறந்து போயி மொண்டுக்கட்டும்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது அய்யன் சிரித்தார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சனங்கள் பறப்பதை நினைத்து நானும் சிரித்தேன். ஒன்பது வயசில் அதற்குமேல் என்ன விவரம் இருக்கும்?

பள்ளம் என்று நாங்கள் சொல்வது ஓடையை. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே எங்கள் ஊர். தெற்கே ஊர் ஒதுக்கி வைத்த சனங்கள் குடியிருந்த வளவிலிருந்து ஒரு தடம் புறப்பட்டு, எங்கள் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை ஒட்டி வந்து, பக்கத்துக் காட்டின் நடுவாகப் போய் வடக்கே பள்ளத்தில் இறங்கும். எங்கள் எருமை உட்பட ஊர் மாடுகளெல்லாம் தண்ணீருக்கு அதில்தான் போகும். வளவுச் சனங்களுக்கோ குடிதண்ணீருக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு போடக்கூடாது என்பது அந்தக் காலத்து நியாயம். நியாயம் என்று நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. பள்ளத்து மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தை நிறைப்பார்கள்.

காடு என்றால் எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலம். அந்த வருஷம் அய்யன் அந்தக் காட்டை விலைக்கு வாங்கினார். வாங்கிய கையோடு, ஊரே நடந்துபோனால் அது காடா, சந்தையா என்று கேட்க ஆரம்பித்தார். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் நாலு பக்கமும் கிளுவைக் குச்சிகளை நட்டு வேலி கட்டியாயிற்று. தடத்தின் நடுவில் ஒரு வெள்வேலா மரம் நின்றது. அதை வெட்டி, வேரைத் தோண்டி, குழியை மூடினார்கள். பிறகு தடத்தின் மேலேயே ஏர் ஓட்டிக் கொள்ளு விதைத்தார்கள். கார்த்திகை மாதத்தில் போய்ப் பார்த்தால் காடு ஒரே பச்சை. எங்கே நடந்தோம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வளவுப் பெண்கள் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக ஒரு மைல் சுற்றிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் தோட்டத்தில் களை வெட்டுபவள், அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் குடத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மூச்சு வாங்க, "ஏனுங்க ஆத்தா, எசமாங்ககிட்ட ஒரு பேச்சு சொல்லப்படாதுங்களா? நடக்க முடியறதில்லீங்க" என்று கேட்டாள். அன்று மாலை அய்யன் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏனுங்க, அது அவுங்க குடிக்கற தண்ணிங்க" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"காட்டு வெவகாரத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்றார் அய்யன். அம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

சூலூர்ப் பக்கத்துக் கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் வந்து வளவுச் சனங்களுக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. அதோடு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. வியாழக்கிழமை என்றார்கள், அன்றும் இல்லை. அய்யன் காட்டுக்கும் சாளைக்குமாக நடையாய் நடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்கு வருவார். எங்கோ ஒரு வண்டிச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், சித்தப்பா வேட்டியை மாற்றிக் கட்டுவார். கொள்ளு எங்காவது மெலிந்து, அடியில் தடம் தெரிகிறதா என்று விடிந்ததும் ஒருதரம், வெயில் சாய்ந்ததும் ஒருதரம் போய்ப் பார்ப்பார். எனக்குக் கேட்கவே வேண்டாம். ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஓடி ஓடி எல்லாரிடமும் திட்டு வாங்கினேன்.

இதற்கு நடுவில் சித்தப்பா எங்களுக்குப் பாடம் நடத்தினார். பண்ணையத்து ஆட்கள், நான், அம்மா என்று யாரையும் விடவில்லை. "இங்க எப்பவுமே வழி இருந்ததில்லீங்க." இதுதான் பாடம். நான் அதை ஓடும்போதும் சொன்னேன், குளிக்கும்போதும் சொன்னேன். அம்மாவிடம் சொல்லச் சொன்னபோது அடுப்பில் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தை பிறந்து, இனி வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்திருந்த ஒரு காலையில் தாசில்தாரின் வில்வண்டி வந்தே விட்டது. கூடக் கர்ணமும் ஒரு சேவகனும். வளவுச் சனங்கள் வேலிக்கு வெளியே தூரத்தில் கும்பலாக நின்றார்கள். தாசில்தார் ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. கர்ணம் நிலப் படத்தை விரித்தார். அதில் வழி இல்லை. தாசில்தார் பண்ணையத்து ஆட்களைக் கேட்டார், பாடம் பிசகவில்லை. காட்டைப் பார்த்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொள்ளு. "பாத்தீங்களா எசமான்!" என்றார் சித்தப்பா. தாசில்தார் காகிதங்களை மடிக்க ஆரம்பித்தார். என்னை ஒருவருமே கேட்கவில்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அப்போது அம்மா சாளைக்குப் பின்னாலிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "கண்ணு, எருமையை அவுத்துக் கெணத்தடிக்கு ஓட்டிக்கிட்டுப் போயித் தண்ணி காட்டு. தொட்டியில பொட்டுத் தண்ணி இல்லே" என்றாள்.

அந்த எருமை அம்மாவுக்கு ஆனைமலையிலிருந்து, அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்தது. அம்மாவைத் தவிர வேறு யார் கறந்தாலும் உதைக்கும். அன்று காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. புது ஆட்களைக் கண்ட மிரட்சி என்று நினைத்தேன். கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், என் கையிலிருந்து உருவிக்கொண்டு கிளம்பிவிட்டது. கிணற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டு முகப்பில் வண்டிக்காகத் திறந்து வைத்திருந்த படலைத் தாண்டி, தாசில்தாருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் புகுந்து, கொள்ளுக்குள் இறங்கிற்று. ஐயோ, நான் போட்ட கூச்சல்!

வாய்க்கு எட்டும் உயரத்தில் கொள்ளு தழைத்திருக்கிறது. ஒரு வாய் கடிக்கவில்லை. நேராகப் போயிற்று. காட்டின் நடுவே ஓர் இடத்தில் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கி, அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு மறுபடி நேரானது. அங்கே சுற்றிப் போகும்படி ஒன்றுமே இல்லை, வெறும் கொள்ளுக்கொடிதான். கடைசியில் வடக்கு வேலியில், முன்பு தடம் பள்ளத்தில் இறங்கிய அதே இடத்தில் போய் நின்று, கிளுவைக் குச்சிகளின் மேல் கழுத்தை வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துக் கத்தியது. பண்ணையத்து ஆட்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்த சித்தப்பா எருமையை மறந்துவிட்டார்.

தாசில்தார் காகிதத்தைக் கர்ணத்திடம் கொடுத்துவிட்டு, எருமை மிதித்த கொடிகளின் மேலேயே நடந்து போனார். அது ஒதுங்கிய இடத்தில் நின்று, செருப்புக் காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். "இங்கே ஒரு மரம் இருந்ததா?" என்று கேட்டார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அய்யன், "இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டார். மரத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை அல்லவா? தவிரவும் அய்யனுக்கு எடுத்த எடுப்பில் பொய் வராது. அவருக்கு யாராவது முதலில் சொல்லித்தர வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் வேலியைப் பிரித்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. வளவுப் பெண்கள் அன்று மாலையே குடங்களோடு வந்தார்கள். அந்தக் கர்ப்பிணியும் வந்தாள். எங்கள் சாளையைக் கடக்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

வில்வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அய்யன் என்னை அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டதில்லை. இரண்டாவது அறைக்கு அம்மா குறுக்கே வந்தாள். "புள்ளையை அடிக்காதீங்க. அவுக்கச் சொன்னது நானுங்க. தொட்டியில தண்ணி இல்லீங்க" என்றாள். அய்யன் தொட்டியைப் போய்ப் பார்த்தார். காய்ந்துதான் கிடந்தது. அதற்குமேல் என்னை அடிக்கவில்லை.

ஆனால் எருமையை மன்னிக்கவில்லை. அடுத்த சந்தையிலேயே அதைப் பொள்ளாச்சிக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டார்கள். அன்று காலை அம்மா அதைக் கடைசியாகக் கறந்து, நெற்றியைத் தடவிவிட்டு, கயிற்றைச் சித்தப்பா கையில் கொடுத்தாள். அவள் அழவில்லை. நான்தான் புரண்டு புரண்டு அழுதேன். கயிற்றை இறுக்கிப் பிடிக்கத் தெரியாத என் கையால்தான் எல்லாம் கெட்டது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சூலூரில் வாழ்க்கைப்பட்டு, எனக்கென்று இரண்டு எருமைகள் வந்த பிறகு ஒருநாள் தொட்டி கழுவ உட்கார்ந்தேன். அடியிலுள்ள ஓட்டையைப் பழந்துணியால் அடைத்திருப்போம். அதைப் பிடுங்கினேன். தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓடி, நின்ற இடமெல்லாம் உளைச் சேறாயிற்று. காலைத் தூக்கினேன், தூக்கின கால் அப்படியே நின்றுவிட்டது. அம்மா போய் அப்போது ஐந்து வருஷமாகியிருந்தது. யாரைப் போய்க் கேட்பது?

அந்தத் தை மாதக் காலையில், எருமையை அவிழ்க்கப் போனபோது, தொட்டியடியில் சேறு என் கணுக்கால்வரை ஏறியது. சீ என்று காலை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். மழையில்லாத நாளில், காலித் தொட்டிக்கு அடியில் அவ்வளவு ஈரம் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவின் சேலைத் தலைப்பு ஏன் நனைந்திருந்தது என்றும் தோன்றவில்லை.