பத்தொன்பது மெழுகுதிரிகள்

கனடாவில் எங்கள் லாசால் வீட்டுச் சமையலறை மேல்தட்டில் ஒரு பழைய முறுக்கு டின் இருக்கிறது. போன கிழமை உறைமழை பெய்து பின்னேரமே கரண்ட் போனபோது, மகள் அதைத் திறந்துவிட்டாள். "இவ்வளவு மெழுகுதிரியை வைச்சுக்கொண்டு ஏனம்மா இருட்டிலை இருக்கிறியள்?" என்று ஒன்றை எடுத்து லைட்டரைத் தட்டப் போனாள். பாய்ந்து பிடுங்கினேன். பிள்ளை பயந்துபோய்விட்டாள். டின்னுக்குள் பத்தொன்பதும் இருக்கின்றனவா என்று தடவி எண்ணி மூடினேன். அவை என் அண்ணை வாங்கியவை.

அண்ணை இந்த நகரத்துக்கு வந்து ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவர். அங்கேயே சமையல்காரராகி, அங்கேயே ஓய்வும் பெற்றார். ஊர் சுற்றுவது அவருக்கு வேப்பங்காய். எங்கே கூப்பிட்டாலும் "பேந்து பாப்பம்" என்பார். அந்தப் பேந்து ஒருநாளும் வந்ததில்லை. எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் ஒழுங்கு செய்தபோதும் மாட்டேன் என்றுதான் நின்றார். கப்பல் தரிக்கும் துறைமுகங்களை மகன் ஒவ்வொன்றாக வாசித்தான். ஜெனோவா என்றதும் அண்ணை நிமிர்ந்தார். "அங்கை எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டார். கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் அவரை ஏழு பேருடன் ஓர் அறையில் ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்த ஊர் அது. அண்ணி தவறிப்போயிருந்ததால், துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள்.

புறப்பட முதல்நாள் மூலைக்கடை டெப்பனரில் இரண்டு பெட்டி மெழுகுதிரி வாங்கினார். பெட்டிக்குப் பத்து. ஒரு திரியை எடுத்து என்னிடம் தந்துவிட்டு மிச்சத்தை முறுக்கு டின்னுக்குள் அடுக்கினார். கப்பலில் மெழுகுதிரிக்குத் தடை, முறுக்கை மேலே பரப்பினால் ஆருக்குத் தெரியப் போகிறது என்பது அவர் கெட்டித்தனம்.

"பத்தொன்பது என்ன கணக்கண்ணை? சாத்திரியார் சொன்னவரோ?" என்று நக்கலடித்தேன்.

"நேர்த்தி. நிறைவேத்த முன்னம் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பேசாமல் வா."

எங்கள் ஆட்கள் கந்தனுக்கு விரதம் பிடித்துக்கொண்டே மாதாவுக்கும் நேர்த்தி வைப்பவர்கள். தான் கனடா வந்து சேரவேண்டும் என்று எப்பவோ நேர்ந்திருப்பார் என நினைத்துக்கொண்டேன்.

ஜெனோவாவில் மற்றவர்கள் கப்பல்காரர்களின் பஸ்ஸில் ஏறிப்போக, நாங்கள் இருவரும் நடந்தோம். துறைமுகத்துக்கு எதிரேயே பழைய நகரம் தொடங்கிவிடுகிறது. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் முட்டும் ஒழுங்கைகள், ஐந்தாறு மாடி உயரத்தில் காயும் உடுப்புகள், மீன் பொரிக்கும் மணம். அரண்மனைகளைப் படம் பிடிக்க ஆட்கள் முண்டியடிக்க, அண்ணை அந்த அறையிலிருந்து தான் தண்ணீர் பிடிக்க வந்துபோன தெருக்குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு நாலு மணித்தியாலம். ஒரே ஒழுங்கைக்குள் மூன்று தரம் போய்த் திரும்பினோம். ஒரு மணிக்குத்தான் குழாயைக் கண்டோம். அதற்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வரிவரியாய் அடுக்கிய சின்ன மாதா கோயில். கதவு பூட்டியிருந்தது. மூன்றரைக்குத்தான் திறக்கும் என்று எதிர்க் கடைக்காரி மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினாள். நாலு மணிக்குள் கப்பலில் ஏறவேண்டும். அவருடைய நடைக்குத் துறைமுகம் ஒரு மணித்தியாலம்.

"நீ போ பிள்ளை. நான் இதிலை இருக்கிறன்" என்றார்.

"விசரே அண்ணை உங்களுக்கு? கப்பல் விட்டிட்டுப் போனால் என்ன செய்யிறது? வாசலிலை வைச்சிட்டு வாங்கோ."

"கொளுத்தாமல் வைச்சால் அது மெழுகுதிரி. நேர்த்தி இல்லை."

நான் இருபது வருஷம் கார்தெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் குழந்தைகளை நேரத்துக்கு ஊட்டி நேரத்துக்கு நித்திரையாக்கியவள். மணிக்கூடுதான் எனக்குச் சாமி. கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார், கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார். அந்தக் கையை ஏன் இழுத்தேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கப்பல் நாலரைக்குப் புறப்படவில்லை. சுற்றுலாப் பஸ் ஒன்று வழியில் நின்றுவிட்டதாம், ஆட்கள் வரும்வரை காத்து நின்று ஆறு மணி தாண்டித்தான் கயிறு அவிழ்த்தார்கள். அவ்வளவு நேரமும் அண்ணை மேல்தட்டுக் கம்பியைப் பிடித்தபடி நகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் பக்கத்தில் போக முகமில்லை. அவரே திரும்பி, "பரவாயில்லை பிள்ளை. வெயிலுக்கை நல்லாக் களைச்சுப்போனாய், போய்த் தேத்தண்ணி குடி" என்றார்.

அடுத்த மாசியில் அவரை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஒருநாள் நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்க, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த டின் உன்னட்டை இருக்கட்டும். ஆமி ஊருக்கை வந்திட்டுதெண்டு அந்த அறையிலைதான் கேள்விப்பட்டன். உனக்கு அப்ப பத்தொன்பது வயசு. கடிதமும் இல்லை, போனும் இல்லை. நீ உயிரோடை என்னட்டை வந்து சேர்ந்தால் வயசுக்கொரு திரி கொளுத்துவன் எண்டு தண்ணிக்குப் போன இடத்திலை அந்தக் கோயில் வாசலிலை இருந்து அழுதனான்."

"நிறைவேத்த முன்னம் சொல்லக்கூடாதெண்டியளே. இப்ப ஏனண்ணை சொல்லுறியள்?"

"இனி நான் எங்கை போறது?"

மூன்றாம் நாள் போய்விட்டார்.

இதையெல்லாம் அந்த இருட்டுக்குள் இருந்து மகளுக்குச் சொன்னேன். "மாதா எல்லா இடமும் ஒண்டுதானேம்மா, இஞ்சை மலையிலை இருக்கிற கோயிலிலை கொளுத்துவம்" என்றாள் மெதுவாக. நேர்ந்த இடத்தில்தான் கொளுத்தவேண்டும். கோடையில் விமானத்தில் போவேன், கதவு திறக்கும்வரை வாசலில் இருப்பேன். ஆனால் கொளுத்தவேண்டிய கை என்னுடையது இல்லையே என்று சொல்லி வாய்விட்டு அழுதேன். அப்போது கரண்ட் வந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது, மைக்ரோவேவ் மணிக்கூடு பன்னிரண்டு பன்னிரண்டு என்று மினுங்கியது. நேரத்தைச் சரிசெய்ய மகள் எழும்பினாள். நான் வழமையாக ஒரு நிமிஷம்கூட அதைப் பிழையாக விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"விடு பிள்ளை, அது கிடக்கட்டும்" என்றேன்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அன்றைக்கு ஒரு மணியிலிருந்து கதவு திறக்கும் மூன்றரை வரை இரண்டரை மணித்தியாலம். அந்த வாசலில் அவரோடு இரண்டரை மணித்தியாலம் இருந்திருக்கலாம்.