மதகடியில் ஒரு ஒத்திகை

ஆட்சி மாறிய புதிது. கூலி நெல்லுக்காகத் திருவாரூர்ப் பக்கமெல்லாம் தகராறு. நான் ஆற்று மதகில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர். பண்ணைக் காரியக்காரர் அடிக்கடி அங்கே வருவார். ஒடிசலான உடம்பு, கக்கத்தில் குடை. நாலு பேர் முன்னால் நின்றால் அவருக்கு வாய் திக்கும், ஆட்கள் சிரித்துவிடுவார்கள். மதகில் விழும் தண்ணீரின் இரைச்சலில் மட்டும் பேச்சு திக்காது. அதனால் களத்தில் சொல்லவேண்டியதை அங்கே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போவார். என் காதில் ஒன்றும் விழாது.

அன்று மத்தியானம் வந்தவர், "ஷ... ஷட்டரை இ... இறக்குங்க" என்றார்.

"சத்தம் இல்லாட்டி உங்களுக்குப் பேச வராதுங்களே?"

"ப... பரவாயில்லை."

இறக்கினேன். இரைச்சல் அடங்கியது. போலீஸ்காரர் எதிரில் நிற்பதுபோல் கைகட்டிக்கொண்டு சொன்னார்: "தீ எ... எப்படிப் பிடிச்சுதுன்னு தெ... தெரியாதுங்கய்யா. நான் ஊ... ஊர்லயே இல்லைங்க."

"எங்கேங்க தீ?" என்றேன்.

அவர் மதகுச் சுவரில் சாய்த்திருந்த என் சைக்கிளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒத்திகை பார்த்தாரா, எனக்குச் சொன்னாரா? இன்றுவரை பிடிபடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். அக்கரையில் கூலி கேட்கும் பண்ணை ஆட்களின் குடிசைகள் அத்தனையும் முழுசாக நின்றன. கூரைகளுக்கு மேலே அடுப்புப் புகைதான் எழுந்துகொண்டிருந்தது.