மலையை எடுத்ததாகச் சொன்னேன்

அந்த அக்கா ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பிலிமில் மட்டும் எடுக்க வேண்டும். எடுத்த பிலிம் அவர் கைக்கு வந்து சேர வேண்டும். நான் சரியென்றேன். சொன்ன நேரத்தில் அது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அதற்குத் தோதான கெமரா என்னிடம் இருந்தது.

பதுளையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், கோயில் திருவிழா, பாஸ்போர்ட் படம் என்று வண்டி ஓடுகிறது. என்னுடையது மீடியம் ஃபோர்மட் கெமரா. அதன் பின்பக்கம் தனியாகக் கழன்று வரும். அங்கே டிஜிட்டல் பெட்டியை மாட்டினால் எடுத்த படம் உடனே திரையில் தெரியும். கேபிளை இணைத்தால் நேரே மடிக்கணினிக்குப் போய்விடும். அதைக் கழற்றிப் பிலிம் பெட்டியை மாட்டினால் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம், பிலிமைக் கழுவும்வரை ஒன்றும் தெரியாது. உடம்பும் லென்ஸும் ஒன்றேதான். எதிரில் உட்கார்ந்திருப்பவரால் எந்தப் பெட்டி மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்வதை அவர் நம்ப வேண்டியதுதான்.

கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகப் படப் புத்தகம் ஒன்று போட நினைத்தது. பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கம்பனியின் பொறுப்பாளர் வேனில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார், கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார். கூடவே புத்தம் புதிய பிரம்புக் கூடைகள் பத்து வந்து இறங்கின. அங்கே எல்லோரும் கொழுந்தை நைலோன் பைகளில்தான் போடுகிறார்கள். கூடைகளைப் பார்த்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிக்காமல் நின்றவர் அந்த அக்கா. ஐம்பது வயதை ஒட்டியவர், ஒல்லி, நல்ல உயரம். காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், பொறுப்பாளர் ஒரு தாளை நீட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவும் போட்டிருந்தார். ஆனால் கெமராவைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் போனதும் கையை நீட்டித் தடுத்தார்.

சில வருடங்களுக்கு முன் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வழியில் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிறகு கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவருடைய மகன், ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கி வந்திருக்கிறான். புன்னகையோடு பறித்த தேயிலை என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம்.

"சிரிக்கல மிஸ். அன்னைக்கு எனக்குப் பல்லு வலி. வாயத் தொறந்து காத்து வாங்கிக்கிட்டு நின்னேன்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் அவரும் மறந்திருப்பார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருக்குப் பெட்டிக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. மழையில் ஒழுகும் கூரைக்குத் தகரம் கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனபோது, அங்கிருந்த ஒருவர் பெட்டிப் படத்தை ஞாபகப்படுத்தி, கஷ்டப்படுகிற முகமாகத் தெரியவில்லையே என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது.

"பிலிமுன்னா பிலிமு நம்ம கையில இருக்கும். அந்தக் கம்பியூட்டருக்குள்ள போனா யாரு கையில இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

என் அப்பா பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தவர். தோட்டத்து ஆட்களுக்கு விற்றுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. அந்தப் பெண்களோடு எனக்கு ஒட்டும் உறவும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாக்குக் கொடுத்தேனோ என்னவோ. பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். அந்த அம்மாவை எனக்காக வேண்டுமானால் பிலிமில் எடுத்துக்கொள்ளலாம், புத்தகத்துக்கு மற்றவர்கள் போதும் என்றார்.

மற்றப் பெண்களை டிஜிட்டலில் எடுத்து முடித்தேன். படங்கள் ஒவ்வொன்றாக மடிக்கணினியில் விழ, வேனின் பின்கதவைக் குடையாக்கி அதன் கீழே உட்கார்ந்து பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேபிளைப் பிடுங்கி, டிஜிட்டல் பெட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பிலிம் பெட்டியை மாட்டினேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளே பிலிம் இருப்பதைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டார். திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் கெட்டுவிடும் என்றேன். "அப்ப தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாறையில் உட்கார்ந்தார்.

முதல் தடவை அழுத்தியபோது கெமரா இயங்கவில்லை. வெளிச்சம் பிலிமில் படாமல் மறைக்கும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று பிலிம் பெட்டியில் செருகியிருக்கும். அதை உருவ மறந்துவிட்டேன். உருவினேன். ஆறு படங்கள் எடுத்தேன். அவர் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அடையாள அட்டைக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அது அவருடைய படம்.

அதற்குள் கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. மலை மறைவதற்குள் ஒரு காட்சி வேண்டும் என்று பொறுப்பாளர் சத்தம் போட்டார். அவசரமாகத் தகட்டைச் செருகிப் பிலிம் பெட்டியைக் கழற்றினேன். டிஜிட்டல் பெட்டி, கேபிள். மலையை இரண்டு படம் எடுத்தேன். பனி ஏறிக்கொண்டே வந்தது.

அப்போது அந்த அக்காவின் குரல் கேட்டது. வேலை முடிந்துவிட்டதென்று கம்பனி கொடுத்த கூடையை இறக்கி வைத்திருந்தார். கூடைக்கயிறு நெற்றியில் பதித்த தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, கீழே நின்ற தோழியிடம் ஏதோ சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுக்கு நடுவே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பாதி மலைதான் மீதமிருந்தது.

கை தவறிவிட்டது என்று இதுவரை நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கெமரா முக்காலியில் மலையைப் பார்த்தபடி பூட்டியிருந்தது. பூட்டைத் தளர்த்தி, அவர் பக்கம் திருப்பி, முகத்துக்குத் தெளிவு பார்த்து, பிறகுதான் அழுத்தினேன். பின்னால் என்ன பெட்டி இருக்கிறது என்பது அந்த நேரம் முழுக்க எனக்குத் தெரிந்தேயிருந்தது.

சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

"என்ன எடுத்தீங்க?"

"மலையைத்தான் அக்கா."

அவர் திரும்பி மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வேனுக்குள்ளிருந்து பொறுப்பாளர் கையை உயர்த்திக் காட்டினார். படம் அவருக்குப் போய்விட்டது.

பசறைக்கு இறங்கும் வழியெல்லாம் அவர் மடிக்கணினியை மூடவேயில்லை. இதுதான் அட்டைப்படம் என்றார். அதைப் போட முடியாது, அந்த அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் பையிலிருந்து காலையில் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்து, வரிசையில் அக்காவின் பெயரைத் தொட்டுக் காட்டினார். கோபமாகக்கூட இல்லை. வளைவுகளில் வேன் திரும்பத் திரும்ப அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கறுப்பு வெள்ளைப் பிலிமை நானே கழுவுவேன். மறுநாள் கழுவினேன். ஆறு படங்களும் நன்றாக வந்திருந்தன. ஆறிலும் அதே நிமிர்ந்த முதுகு. ஒன்றை அச்சிட்டேன். பிறகு டிஜிட்டல் படத்தையும் ஒரு பிரதி அச்சிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் தொழில் வாழ்க்கையில் இதைவிட நல்ல படம் ஒன்றை எடுத்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். புத்தகம் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. ஆனால் அந்தத் தேயிலைப் பெட்டியும் வெளிநாட்டுக்காகச் செய்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பசறைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் லயத்துக்கு ஏறினேன். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். பிலிம் துண்டையும் அதன் படத்தையும் முதலில் கொடுத்தேன். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு. திருப்தியாகத் தலையாட்டினார். டீ போட எழுந்தார்.

உட்காருங்கள் அக்கா என்று சொல்லி, இரண்டாவது உறையைக் கொடுத்தேன். அன்றைக்கு மலையை எடுத்ததாகச் சொன்னது பொய் என்றேன். கை தவறவில்லை, வேண்டுமென்றே எடுத்தேன் என்றேன். அது கொழும்புக்காரரின் கம்பியூட்டரில் இருப்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் படத்தை வெளியே எடுத்தார். வெகு நேரம் பார்த்தார். பக்கத்து அறையில் யாரோ வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "இப்புடி எனக்குச் சிரிக்க வரும்னு எனக்கே தெரியாது."

சம்மதித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஆனா வேணாம்."

"அக்கா, இது அந்தப் பெட்டி மாதிரி இல்ல..."

"நல்லா இருக்குன்னுதான் மிஸ் சொல்றேன். வேணாம்னும் சொல்றேன். ரெண்டும் ஒன்னில்ல."

படத்தை உறைக்குள் போட்டு, திருப்பிக் கொடுக்காமல், அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துச் சாத்தினார். டீயைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

மறுநாளே பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். அட்டை ஏற்கெனவே வடிவமைப்புக்குப் போய்விட்டது என்றார். அந்தப் படம் வந்தால் என்னுடைய எல்லாப் படங்களையும் எடுத்துவிடுங்கள், பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். விளையாடுகிறீர்களா என்று கேட்டார். பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், போன் எடுத்தால் பதிலில்லை. அந்த ஒரு கிழமையும் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்களிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டார். வேறு அட்டைப்படம் கொடுத்தால் மாற்றலாம், ஆனால் இனிமேல் கம்பனியில் எனக்கு வேலை இல்லை என்றார். அதே வளைவுகளில் மறுபடி ஏறி, விடிந்த கையோடு, ஆளில்லாத மலையை எடுத்து அனுப்பினேன்.

புத்தகம் தபாலில் வந்தபோது நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவர் எங்கும் இல்லை. மனசு தாளாமல் முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினேன்.

அதைச் சொல்ல மறுபடியும் லயத்துக்குப் போனேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தனக்குத் தெரிந்த முகங்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். எல்லாம் பார்த்து முடித்தபின் கேட்டார்.

"கம்பியூட்டர்ல இருந்தத அழிச்சிட்டாரா?"

அழித்துவிட்டதாகச் சொன்னார், ஆனால் நான் என் கண்ணால் பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப எங்கயோ இருக்குன்னு வைங்க."

"இருக்கலாம் அக்கா."

அவர் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க அவசரமாகப் போனார். நானும் பின்னால் போய் ஒரு முனையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையில் குவிந்த துணிகளோடு வாசலில் நின்று, கீழே பாதையைப் பார்த்து, ரெண்டு மணி பஸ் போய்விடும், கிளம்புங்கள் என்றார். குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.