அப்பாவின் இழைப்புளியைத் தீட்டியபோது

தச்சரான அப்பா இறந்த பிறகு, மரம் இழைக்கும் அவருடைய இரும்பு இழைப்புளியைக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. துருவேறிய அதை நான் அடுகோடியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது என் கணவர் பேச்சை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. பொம்மசந்திராவில் அவர் வேலைபார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். முதலில் வேலை தேடினார். பிறகு சவரம் செய்வதை நிறுத்தினார், கட்டிலைவிட்டு எழுவதையும். ஒருநாள் சுவரைப் பார்த்தபடி, "நான் இல்லாமப் போயிட்டா உனக்கு நிம்மதிதான்," என்றார். அன்றிலிருந்து பள்ளியில் பாடம் நடத்தும்போதும் என் காது கைப்பேசியிலேயே இருந்தது.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசைக்குப் போய்வந்ததும், எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இழைப்புளியை எடுத்து, பிளேடை இறுக்கியிருந்த திருகாணியைச் சுத்தியலால் ஆத்திரம் தீர அடித்தேன்.

"அடிக்காத. காஸ்ட் அயர்ன் அது, ஒடஞ்சிடும்."

கதவருகே நின்றிருந்தார்.

தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஊறவைத்தார். மறுநாள் திருகாணி அசைந்தது. சமையல் மேடை கிரானைட்டில் உப்புத்தாளை விரித்து அடிப்பாகத்தைத் தேய்த்தார். தோசை கேட்டுச் சாப்பிட்டார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பிறகு பிளேடைத் தீட்டினார். கூர் பார்க்க முன்கையில் வைத்து இழுத்தார், மயிர் உதிர்ந்தது. அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்.

மறுநாள் பிளேடைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மாலையில் இழைப்புளியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பிளேடு எங்க வெச்ச?"

"தெரியாதுங்க."

"பொய் சொல்லாத."

"பயமா இருக்குங்க," என்றேன். "அதயும் வெச்சிட்டு உங்கள தனியா விட்டுட்டுப் போக பயமா இருக்கு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. காலையிலேருந்து தேடறேன். எதுக்குத் தேடறேன்னு எனக்கே தெரியல."

கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்து ஆட்டோவை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் கணவரே கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார், என்னிடம் சொல்லாததையெல்லாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். மாத்திரை தொடர்கிறது. சில நாள் எழுந்து குளிக்கிறார். சில நாள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. அந்த நாட்களில் நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிடுகிறேன்.